நோட்டைப் புரட்டாமல் தொடமாட்டார்: நாலு ரோடு மாடிக் கடை

கடைக்குப் பெயர் கிடையாது. சேலம் நாலு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தையல் கடைக்கு மேலே, பதினெட்டு இரும்புப் படி ஏறினால் வருகிற ஒற்றை அறை. போர்டில் முன்பு ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்று இருந்ததாம். வெயிலில் கடைசி எழுத்துகள் உதிர்ந்து இப்போது ‘கம்ப்யூட்டர் சர்’ என்று நிற்கிறது. அதனாலேயே தெருவில் எல்லோருக்கும் அவர் ‘கம்ப்யூட்டர் சார்’. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர் என்பதால் நான் தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். மூன்று வருஷமாகப் போய் வருகிறேன். எங்கள் வீட்டு மெஷின், பட்டறை மெஷின், நாத்தனார் வீட்டு மெஷின் எல்லாம் அவர் கைக்குப் போய் வந்தவை. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. வெள்ளியை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், கணக்கும் பில்லும் என்னுடையது. 2019-ல் அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு எலக்ட்ரானிக் தராசு. தராசில் கொலுசை வைத்தால் எடை தானாகவே பில்லில் வந்து உட்காரும். தராசின் முதுகில் இருப்பது ஒன்பது ஊசி உள்ள பழைய சீரியல் போர்ட். இப்போதைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அதற்கு வழி இல்லாததால் நடுவில் யு.எஸ்.பி.க்கு மாற்றித் தரும் ஒரு கேபிள். அந்தக் கேபிளுக்குள் ஒரு சிப் இருக்கிறது, அந்தச் சிப்போடு பேச விண்டோஸில் டிரைவர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்பதெல்லாம் 2023 ஏப்ரல் வரை எனக்குத் தெரியாது. தெரியாமலே நாலு வருஷம் நன்றாக ஓடியது.

அட்சய திருதியைக்கு நாலு நாள் இருந்தது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வேறு கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து திரையில் ஒரு பெட்டி: உங்கள் கம்ப்யூட்டரில் 23 டிரைவர்கள் காலாவதியாகிவிட்டன என்று சிவப்பு எழுத்தில். காலாவதி என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். 1,499 ரூபாய் கட்டி, எல்லாவற்றையும் புதுப்பிக்கச் சொல்லி ஒரே தட்டு. இருபது நிமிஷத்தில் 23-ம் பச்சையாகிவிட்டது. பெருமையாக ரீஸ்டார்ட் செய்தேன். தராசில் எடை காட்டுகிறது, பில்லில் பூஜ்யம்.

சரி, கையாலேயே அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பில்லில் 486.200 கிராமை 468.200 என்று அடித்துவிட்டேன். 18 கிராம் வெள்ளி. அன்றைய விலைக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். பார்ட்டி நல்ல மனுஷர், மறுநாள் அவரே போன் செய்து சொன்னார். சொல்லாத பார்ட்டி எத்தனை பேரோ, அதை நினைத்துத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று மாமியார் ஒரு தடவைதான் சொன்னார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம்.

பட்டறைப் பையன் ஒருவன் சொல்லித்தான் மாடிக் கடைக்குப் போனேன். சி.பி.யு.வை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, தராசையும் கேபிளையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பதினெட்டுப் படி ஏறினேன். மனுஷர் மெஷினை ஆன் செய்யவே இல்லை. முதலில் கேள்வி.

“நேத்து ஓடுச்சாங்க்கா?”

“ஓடுச்சு தம்பி.”

“நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தலையே.”

பேசாமல் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்ச நேரம் நின்றால் 1,499 ரூபாய் தானாக வெளியே வந்துவிடும், எனக்கும் வந்தது. “ம், அதைச் சொல்லுங்க” என்று அப்புறம்தான் பிளக்கைச் சொருகினார்.

விண்டோஸில் சாதனங்களின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் கேபிளுக்கு நேரே மஞ்சள் முக்கோணம். பழைய டிரைவருக்குத் திரும்பிப் போக ‘ரோல் பேக்’ என்று ஒரு பட்டன் உண்டாம், எனக்கு அது மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. டிரைவரைப் புதுப்பிக்கும் பக்கத்துக்கே போய், இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இரண்டு தேதியில் இரண்டு டிரைவர். பழைய தேதியைத் தொட்டார், முக்கோணம் போயிற்று. நான் வைத்திருந்த பையிலிருந்து ஒரு ஜோடி கொலுசை எடுத்துத் தராசில் வைத்தோம். பில்லில் எடை விழுந்தது. மொத்தம் பத்து நிமிஷம், 200 ரூபாய்.

அவர் சொன்ன விளக்கம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. என் கேபிளுக்குள் இருப்பது 2012-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்ட ரகச் சிப். புது டிரைவர் அந்த ரகத்தைக் கண்டால் வேலை செய்யமாட்டேன் என்று வேண்டுமென்றே மறுத்துவிடும். நான் கேபிள் வாங்கியது 2019. நின்றுபோன சிப் அதற்குள் எப்படி வந்தது? ஒன்று பழைய சரக்கு, இல்லையென்றால் போலி. “இதாவது பரவால்லக்கா” என்று இன்னொன்றும் சொன்னார். 2014 அக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. என்ற சிப் நிறுவனத்தின் டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்ததாம். போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி எழுதிவிடும். அப்புறம் அது என்ன சாதனம் என்றே விண்டோஸுக்குத் தெரியாது. பெரிய கூச்சல் கிளம்பி அந்த டிரைவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போலி செய்தவன் எங்கேயோ இருக்கிறான், தண்டனை கேபிள் வாங்கினவனுக்கு. வெள்ளியில் என்றால் உரசிப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். கேபிளை எதில் உரசுவது?

“சீசன் முடியட்டும், வேற கேபிள் மாத்திக்கலாம். இப்போ தொடவேண்டாம்” என்றார். நல்ல கேபிள் ஒன்று அவரிடமே விற்பனைக்கு இருந்தது. அன்றைக்கே என் தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. நான் இந்தக் கடையைப் பிடித்துக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். எங்கள் பட்டறையில் கூலிக் கணக்கு எழுதுவோமே, அதே மாதிரி காலிக்கோ அட்டை போட்டது. எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன பிராசஸர், எந்த மதர்போர்டு, பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை புரோகிராம்) எந்தத் தேதியது, எஸ்.எஸ்.டி. (தகவல் சேமிக்கும் டிஸ்க்) எது, அதன் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) என்ன, கேபிள் டிரைவர் எந்தத் தேதி என்று வரிசையாக எழுதினார். கடைசியில் என்னிடம் கேட்டு ஒரு வரி: ‘8 முதல் 20 வரை தொடாதே.’ 11-ஆம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று என்பதால். இதை எந்த சாஃப்ட்வேர் என்னிடம் கேட்டது?

எதை எப்போது புதுப்பிப்பது என்று அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வருஷம் பார்த்ததில் எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சவுண்ட், நெட்வொர்க் டிரைவர் எதையும் தொடமாட்டார். விண்டோஸ் அப்டேட்டில் ‘விருப்பப்பட்டால்’ என்று தனியாக ஒரு பகுதியில் டிரைவர்கள் காத்திருக்குமே, அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். கிராபிக்ஸ் டிரைவர் என்றால் திரை மினுங்குகிறதா, புது சாஃப்ட்வேர் கேட்கிறதா என்று பார்த்துத்தான். மாதாமாதம் வருகிற பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தவேகூடாது என்பார், ஆனால் வந்த அன்றைக்கே வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்பார். அதற்கு விண்டோஸிலேயே வசதி உண்டு. ரவுட்டருக்கு மட்டும் நேர் எதிர்: புது ஃபர்ம்வேர் வந்தால் உடனே போட்டுவிட வேண்டும். தெருவைப் பார்த்து நிற்கும் கதவு அது, தாழ்ப்பாள் பழுதென்று தெரிந்த பிறகு நாள் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்பது அவர் வாதம். பட்டறையில் இருந்த ரவுட்டருக்கு கம்பெனி அப்டேட் தருவதையே நிறுத்திவிட்டது என்று கண்டுபிடித்து, புதிது வாங்க வைத்தார். அதில் கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டேன்.

பிரிண்டரில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டார், நாங்கள் ரீஃபில் கார்ட்ரிட்ஜ் போடுகிறோம் என்று தெரிந்ததும். 2016 செப்டம்பரில் எச்.பி. பிரிண்டர்கள் சிலவற்றில் ஃபர்ம்வேர் வேலையைக் காட்டி, அதுவரை ஓடிய வெளி கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று மறுத்த கதையை அவர் ஒரு தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பயாஸ் விஷயத்தில் அவர் காட்டும் பயபக்தி தனி. அதற்குக் காரணம் தெரிய எனக்கு யேற்காடு தேவைப்பட்டது.

நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் மேலே மூன்று ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள், கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. வரவேற்பு மேசையில் திரையும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்கிற ஆல் இன் ஒன். 2023 ஐப்பசி. சாயங்காலம் நல்ல மழை, இடி. கம்ப்யூட்டர் கம்பெனியின் சாஃப்ட்வேரே ‘முக்கியமான பயாஸ் அப்டேட் தயார்’ என்று காட்ட, நாத்தனார் வீட்டு அண்ணன் அதையும் விண்டோஸ் அப்டேட் மாதிரி நினைத்து ஓகே கொடுத்துவிட்டார். யு.பி.எஸ். கிடையாது. அறுபது சதவீதத்தில் கரண்ட் போயிற்று. மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போவது ஒரு செய்தியா? திரும்ப வந்தபோது ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் மதர்போர்டு மாற்ற வேண்டும், 14,000 ஆகும் என்றார்கள். பெட்ஷீட்டில் சுற்றி, பின் சீட்டில் நாத்தனார் மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேராக மாடிக் கடைக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்தேன்.

பயாஸ் என்பது மதர்போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சிப்புக்குள் குடியிருக்கிறது. துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. ஹார்ட் டிஸ்க் இல்லாமல்கூட கம்ப்யூட்டர் விழிக்கும், இது இல்லாமல் விழிக்காது. பாதி எழுதியதில் நின்றுபோனால் தன்னைத்தானே திரும்ப எழுதிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது, எழுதச் சொல்லித்தர வேண்டியதும் அதுதானே. சில மதர்போர்டுகளில் இதற்கென்று இரண்டாவது சிப்போ, பென் டிரைவிலிருந்து திரும்ப எழுதும் தனி பட்டனோ இருக்குமாம். இந்த மெஷினில் இரண்டும் இல்லை. தம்பி ஒரு கிளிப்பை, துணி காயப்போடும் கிளிப் மாதிரியே இருந்தது, அந்த எட்டுக் கால்களைக் கவ்வும்படி மாட்டினார். மறுமுனையில் யு.எஸ்.பி.யில் சொருகும், புரோகிராமர் என்ற சிப்பில் எழுதும் சின்னக் கருவி. இந்தச் சிப் எத்தனை வோல்ட் என்று அதன் முதுகு எண்ணை லென்ஸ் வைத்துப் படித்தார். 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சிப் செத்துவிடும் என்றார்.

உடனே எழுதிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. கெட்டுப்போன சிப்பில் இருப்பதை முதலில் படித்து எடுத்தார். ஏன் என்றேன். அந்த மெஷினின் சீரியல் நம்பர், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறதாம், கம்பெனி ஃபைலை அப்படியே ஏற்றினால் அதெல்லாம் போய்விடும். ஒரு தடவை படித்தது போதாமல் மறுபடி படித்தார். இரண்டும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டார். ஒன்றில்லை. கிளிப் சரியாகக் கவ்வவில்லை. கழற்றி, கால்களைத் துடைத்து, மாட்டி, மறுபடி. ஐந்தாவது தடவைதான் இரண்டு படிப்பும் ஒன்றாக வந்தது. எங்கள் பட்டறையில் வெள்ளியை எடை போடும்போது வீட்டுக்காரர் இறக்கி ஏற்றி இரண்டு தடவை போடுவார், அது ஞாபகம் வந்தது. மூன்று நாள் கழித்து மெஷின் திரும்பியது. புக்கிங் கணக்கு ஒன்றும் போகவில்லை. 1,200 ரூபாய். நாத்தனார் ஒரு கிலோ மிளகு கொண்டுவந்து கொடுத்தார், அதை வாங்கிக்கொள்ளத் தம்பி யோசித்தார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

அண்ணனிடம் அவர் சொன்னது: “அப்டேட் தப்பில்லீங்க, நேரம்தான் தப்பு.”

மாமியார் ராகு காலம் பார்ப்பார், இவர் மின்தடை பார்ப்பார். பேப்பரில் எந்தப் பகுதிக்கு என்றைக்குப் பராமரிப்பு மின்தடை என்று வருமே, அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். பயாஸ் வேலை என்றால் யு.பி.எஸ்.ஸில்தான், அதுவும் காலை நேரத்தில், மழை மூட்டம் இல்லாத நாளில். பண்டிகைக்கு முந்தின நாள் செய்யமாட்டார். சனிக்கிழமை சாயங்காலமும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஆனால் உதவிக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள் என்று.

இப்படிப்பட்டவர், 2024 ஆகஸ்டில் அவராகவே எனக்குப் போன் செய்தார். மற்ற நாளில் போனை எடுக்கவே எடுக்காத மனுஷர்.

“உங்க பையன் மெஷின் பதினாலாவது தலைமுறை இன்டெல்தானுங்க்கா? நோட்டுல அப்படித்தான் இருக்கு. பயாஸ் போடணும், கொண்டுவாங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், வீடியோ எடிட்டிங்குக்கென்று பெரிய மெஷினாக வாங்கிக் கொடுத்திருந்தோம். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ‘இப்போ என்ன பிரச்சனை’ என்று கேட்கிற ஆளே பிரச்சனை இல்லாத மெஷினைக் கேட்கிறாரே என்று பையனுக்குச் சந்தேகம். விஷயம் இதுதான்: டெஸ்க்டாப்புக்கான 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் சிலவற்றில், தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொள்ளும் கோளாறு இருந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டது. திருத்தம் மைக்ரோகோடாக (பிராசஸருக்குள்ளேயே ஓடும் கட்டளைகள்) வந்தது, அது நமக்கு வந்து சேருவது மதர்போர்டு கம்பெனியின் பயாஸ் வழியாக. இதில் சிக்கல், திருத்தம் இனிமேல் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது. அதனால் கோளாறு தெரியட்டும் என்று காத்திருந்தால் தெரியும்போது பிராசஸர் போயிருக்கும். வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார், பில்லைப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

நோட்டில் யார் யாரிடம் அந்த பிராசஸர் இருக்கிறதென்று பக்கம் பக்கமாகப் புரட்டி ஏழு பேருக்குப் போன் செய்திருக்கிறார். இந்தச் சேலத்தில் வேறு எந்தக் கடையில் இது நடக்கும் என்று தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபமும் வந்தது. ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டம், ஆட்டோ பிடித்து அந்தக் கனமான மெஷினை நானும் பையனுமாகத் தூக்கிக்கொண்டு படி ஏறி வைத்தால், முதல் கேள்வி: “பிட்லாக்கர் போட்டிருக்கா? சாவி நம்பர் எங்க?” யாரோ சொன்னார்கள் என்று பையன் அதைப் போட்டு டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தது எனக்கே அங்கேதான் தெரியும். பயாஸ் மாறினால் மெஷின் தன்னையே சந்தேகப்பட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போன மாதிரிதான். பையன் அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடினான், பாஸ்வேர்டு மறந்துவிட்டது, மீட்பதற்கான போன் நம்பர் அவன் அப்பாவுடையது, அப்பா போன் பட்டறையில் சார்ஜில். “நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டார். என்ன கெஞ்சியும் நடக்கவில்லை. கீழே இறங்கி இரண்டு பேரும் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, மெஷினை மட்டும் அங்கேயே விட்டு வந்தோம்.

மறுநாள் அந்த எண்ணைப் பேப்பரில் எழுதிக்கொண்டு போனேன். பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் போட்டோ எடுத்து (புதியது ஏறினால் ராம் வேகம் முதல் எல்லா அமைப்பும் பழையபடி ஆகிவிடும்), பென் டிரைவில் ஃபைலின் பெயரை இரண்டு தடவை சரிபார்த்து, அப்புறம்தான். ஏழு நிமிஷ வேலை. அந்த ஏழு நிமிஷமும் யாரையும் படி ஏற விடவில்லை. ஏதோ பிரசவ அறை வாசல் மாதிரி இருந்தது. 600 ரூபாய்.

போன வருஷம் விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்று பட்டறை மெஷினை 11-க்கு மாற்றினார், செப்டம்பர் 20 தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில். 2023 சீசன் முடிந்ததும் வாங்கிய புதுக் கேபிளை வைத்து, நூறு கிராம் படிக்கல்லைத் தராசில் போட்டு, பில்லில் 100.000 விழுந்த பிறகுதான் மூடியைப் பூட்டினார். அதோடு எஸ்.எஸ்.டி.க்கு ஃபர்ம்வேர் ஒன்று காத்திருக்கிறது, பேக்கப் எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வாங்க என்றார். டிஸ்க்குக்கு எதற்கு அப்டேட் என்று கேட்டேன். 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் தன் சர்வர்களில் இருந்த சில எஸ்.எஸ்.டி.களைப் பற்றி எச்சரித்ததாம்: 32,768 மணி நேரம் ஓடியதும் டிஸ்க்கும் போகும், உள்ளே இருப்பதும் போகும், ஃபர்ம்வேரை மாற்றுங்கள் என்று. மூன்று வருஷம் 270 நாள் 8 மணி நேரம். மணியை எண்ணும் இடத்தில் அதற்கு மேல் எண்ண இடம் இல்லை, அதுதான் காரணமாக இருக்கும் என்றார்.

நான் கணக்குக்காரி, சும்மா இருப்பேனா? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மாசம் 26 நாள், வருஷத்துக்கு 3,120. “எனக்குப் பத்தரை வருஷம் ஆகும் தம்பி” என்றேன். சிரித்துவிட்டார். அது சர்வர்க்கா, ராத்திரி பகல் ஓடும், உங்க டிஸ்க் அது இல்லை, ஆனா அந்த மாதிரி ஒரு வரி இருக்கான்னு நான் படிச்சுப் பார்ப்பேன் என்றார். அதுதான் அவர் செய்கிற வேலை. புது ஃபர்ம்வேரோடு என்ன திருத்தினோம் என்று கம்பெனி ஒரு குறிப்புப் போடுமே, யாரும் படிக்காத அந்தக் குறிப்பைப் படிக்கிறார். அதில் நம் மெஷினுக்குப் பொருந்தும் வரி இருந்தால் கூப்பிடுகிறார், இல்லாவிட்டால் ‘வேண்டாங்க்கா’ என்று திருப்பி அனுப்புகிறார். திருப்பி அனுப்பும்போது காசு வாங்குவதில்லை. இப்படித் திருப்பி அனுப்பியே எப்படிக் கடை நடத்துகிறார் என்பது எனக்கு இன்னும் புரியாத கணக்கு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.டி. பில் தரமாட்டார். கேட்டால் நோட்டைக் காட்டுவார், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மூட்டு வலி உள்ளவர்களுக்கு அந்தப் படி ஆகாது, ஒரு தடவை மழையில் நான் வழுக்கியிருக்கிறேன். நேரம் சொன்னால் அந்த நேரத்தில் கிடைக்காது, அவசரம் என்று போனவர்களுக்கு இன்னும் தாமதமாகும் என்று நினைக்கிறேன். பேச்சு அதிகம். வீட்டுக்காரரை ஒரு தடவை, ஏதோ ஒரு கேம் சாஃப்ட்வேரை ஏற்றியதற்காக, என் முன்னாலேயே கடிந்துகொண்டார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, அவருக்குத் தெரிகிறது. எல்லாம் சேர்த்து ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போடுவேன், அந்த ஒன்று பில்லுக்காகப் பிடித்தம்.

இன்னொன்று, ஊருக்கெல்லாம் பேக்கப் பேக்கப் என்று பாடம் எடுக்கிறவரின் நோட்டுக்குப் பேக்கப் கிடையாது. ஒரே ஒரு பிரதி, அதுவும் சால்டரிங் வைக்கிற மேசைக்கு அடியில். பேக்கப் எடுக்காமல் போனதற்கு என்னை அவர் திருப்பி அனுப்பிய அன்று நான் அதைக் கேட்டேவிட்டேன். “இது தீப்பிடிச்சா என்ன தம்பி பண்ணுவீங்க?” முகம் மாறிவிட்டது. பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த கடைப் பையன் குனிந்துகொண்டு சிரித்தான்.

போன வாரம் அந்த எஸ்.எஸ்.டி. வேலைக்காக, இரண்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துக்கொண்டு, 20-ஆம் தேதி தாண்டி, கரண்ட் இருக்கிற நாளாகப் பார்த்து, சி.பி.யு.வோடு பதினெட்டுப் படி ஏறிப் போனேன். கடைப் பையன் மட்டும்தான் இருந்தான்.

“அண்ணன் இன்னைக்கு எதையும் தொடமாட்டாருங்க்கா. நோட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கு. நாளைக்கு வாங்க.”